மேஜையைச் சுற்றி நாலு பேர்

புகார் சொல்லப் போனவளைப் பதவியில் உட்கார வைத்து அனுப்பினார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கிளட்ச் அக்கா நூலகக் குழுவுக்குள் வந்தது அப்படித்தான்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் கூரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை, பக்கத்து இருக்கையில் அவள் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக். பள்ளிக்கூடம் மொத்தமும் அவ்வளவுதான். பேக்கரிக்காரரோ, நர்ஸோ, புது மாப்பிள்ளையோ, யார் ஸ்டீயரிங்கைப் பிடித்தாலும் முதல் வாரம் அவள் வாயில் வருவது ஒரே சொல்தான். “கிளட்ச்! கிளட்ச்!” அந்தச் சத்தம் கேட்டால் சாலையோரம் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து நடைபாதைக்குப் போய்விடும். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது. ஊர் வாயில் அவள் கிளட்ச் அக்கா.

அவளிடம் கற்றுக்கொள்பவர்கள் எழுத்துத் தேர்வுக்கு நூலகத்தில் இருக்கும் சாலை விதிப் புத்தகத்தைத்தான் படிப்பார்கள். ஒரு முறை அடுத்தடுத்து மூன்று பேர் ஒரே கேள்வியில் கோட்டைவிட்டார்கள். ரவுண்டானாவில் யாருக்கு முதலில் வழிவிட வேண்டும் என்பது கேள்வி. மூவரும் ஒரே தப்பான பதிலை எழுதியிருந்தார்கள். என்னடா இது என்று அவள் போய்ப் பார்த்தால், நூலகத்துப் புத்தகம் விதி மாறுவதற்கு முன்னால் அச்சானது. அட்டையில் இருந்த காரையே இப்போது தெருவில் பார்க்க முடியாது.

புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு நூலகரிடம் போனாள்.

“ஏங்க, இதைப் படிச்சிட்டு ஓட்டினா எதிர்ல வர்றவன் மேலதான் போய் ஏறணும். இன்னும் எதுக்கு அலமாரியில வச்சிருக்கீங்க?”

நூலகர் ஒல்லியான மனிதர். எதற்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். “நியாயம்தான்மா. ஆனா எந்த மாதிரி புத்தகத்தைக் கழிக்கிறது, எதை வாங்கறது, எத்தனை மணிக்குத் திறக்கறதுன்னு தீர்மானிக்கிறது நூலகக் குழு. அவங்க போட்ட பாதையில நடத்திக்கிட்டுப் போறவன்தான் நான்.”

“அப்ப அவங்ககிட்ட சொல்லுங்க.”

“சொல்றேன். ஏழு நாற்காலி, நாலுலதான் ஆள் இருக்கு. ஆளைப் போடறது நகர சபை. இந்த ஊர்ல குடியிருக்கணும், நூலக அட்டை இருக்கணும், சபையில சம்பளம் வாங்கறவங்களா இருக்கக் கூடாது. மூணு வருஷப் பதவி. காலணா கிடைக்காது.” இழுப்பறையைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். “பேனா இருக்கா, தரட்டுமா?”

சபைக்கு நேர்காணலுக்குப் போனபோது அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. புத்தகம் வாசிக்கும் பழக்கம் உண்டா?

“துப்பறியும் கதை வாசிப்பேன். கடைசிப் பக்கத்தை முதல்ல பார்த்துடுவேன். யார் கொன்னான்னு தெரியாம நிம்மதியா வாசிக்க முடியாதுங்க.”

சபையில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே கைதூக்கினார்கள். கிளட்ச் அக்கா குழு உறுப்பினர் ஆனாள்.

குழு கூடுவது நூலகத்தின் மாடி அறையில், மாதம் ஒரு மாலை. நீள்வட்ட மேஜை, சுவரில் பழைய வரைபடங்கள், ஓடினாலும் காற்று வராத ஒரு மின்விசிறி. பொதுமக்கள் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்று ஓரமாக நாலைந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அந்த நாற்காலிகளுக்குத் தூசியைத் தவிர வேறு விருந்தாளி வந்ததில்லை. தலைவர் மருந்துக்கடைக்காரர். யார் இருமினாலும் பேச்சை நிறுத்திவிட்டு, “வறட்டு இருமலா, சளியா?” என்று கேட்பார். அவருக்கு வலப்பக்கம் கணக்கு டீச்சர். இடப்பக்கம் தையல்காரர். நாலாவது ஆள் பல் டாக்டர். அவருடைய நாற்காலி எப்போதும் காலி.

“டாக்டர் வரலையா?” என்று கிளட்ச் அக்கா முதல் கூட்டத்திலேயே கேட்டாள்.

“வருவார். கிளினிக்கை மூடிட்டு, நாம இறங்கற நேரத்துக்கு வந்துடுவார்” என்றார் தையல்காரர், இதிலென்ன ஆச்சரியம் என்பதுபோல.

அப்படியே நடந்தது. அவளுடைய சாலை விதிப் புத்தகத்தைப் பற்றி மேஜையில் வெகுநேரம் பேசினார்கள். முடிவு எடுக்கும் இடம் வந்ததும், “டாக்டர் இல்லாம எப்படி? போகும்போது பேசிக்கலாம்” என்று தலைவர் எழுந்துவிட்டார். படிக்கட்டில் பாதி இறங்கும்போது டாக்டர் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். தலைவர் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். “வாங்கிடுங்க, இதுல என்ன யோசனை?” என்றார் டாக்டர். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரமே புதுப் புத்தகம் அலமாரியில் வந்து உட்கார்ந்தது.

இந்தக் குழுவின் வழக்கமே அதுதான். தீர்மானத்துக்கு மேஜையில் நாலு பேர் வேண்டும். கிளட்ச் அக்கா வருவதற்கு முன்பு இருந்ததே நாலு பேர், அதில் ஒருவர் படிக்கட்டோடு சரி. ஆகவே மேஜையில் பேசுவது, படிக்கட்டில் முடிவெடுப்பது. அவள் வந்து மேஜையில் நாலு பேர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாலு பேர் இருக்கிறார்கள், நாலு பேரும் சம்மதிக்கிறார்கள், அப்புறம் என்ன? கூட்டக் குறிப்பில் மட்டும் மாதா மாதம் “உறுப்பினர்கள் உரையாடினர்” என்று இருக்கும். கிளட்ச் அக்காவுக்கும் அது சௌகரியமாகத்தான் பட்டது. ஊரிலே உள்ள ஆபீஸெல்லாம் இப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வீட்டில் போய்ச் சொன்னாள்.

வீட்டில் சொன்னது நாத்தனாரிடம்.

நாத்தனார் கணவனுக்கு அக்கா. அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் வயது ஓடிவிட்டது. பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டார். மனசு தங்கம். கண் மட்டும் பூதக்கண்ணாடி. டப்பாவின் மூடி மாறியிருந்தால் தெரியும், துணி காய்கிற கொடியில் கிளிப் ஒன்று குறைந்திருந்தால் தெரியும். கணவர் எலக்ட்ரீஷியன், அதிகம் பேசாதவர். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் ஃபியூஸ் மாதிரி இருப்பார். சூடு ஏறினால் முதலில் அவர்தான் போய்விடுவார், தெருமுனைக் கடைக்கு.

போன வருடம் நூலகத்தை மாலையிலும் திறப்பது என்று குழு படிக்கட்டில் முடிவெடுத்தது. கிளட்ச் அக்கா அப்போது குழுவில் இல்லை. ஆறிலிருந்து எட்டுவரை உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று நூலகர் வாசலில் அறிவிப்பு ஒட்டினார். காய்கறிப் பையோடு அந்த வழியாக வந்த நாத்தனார் அதைப் படித்தார், பையோடு உள்ளே போனார், வேலையோடு வெளியே வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், வாழ்க்கையில் முதல் வேலை.

அன்றிலிருந்து வீட்டுக் காற்றே மாறிவிட்டது. “வெங்காயத்தை ஏன் இப்படி நறுக்கற?” என்று கேட்ட வாய், “இன்னிக்கு ஒருத்தன் தோட்டக்கலைப் புத்தகத்துல பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தான், விட்டேனா?” என்று கதை சொன்னது. யார் புத்தகத்தைத் திருப்பித் தராமல் இழுக்கிறார், எந்தப் பையன் படிக்கிற பாவனையில் தூங்குகிறான், எல்லாம் அவர் விரல் நுனியில். அந்தக் கண்ணுக்கு வீட்டில் வேலை போதாமல்தான் இவ்வளவு நாள் வம்பு வளர்த்திருக்கிறது என்று கிளட்ச் அக்காவுக்குப் புரிந்தது.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது நகர சபையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. புது வருட பட்ஜெட் போடுகிறார்கள். மாலை நேரத்துக்கான குழுத் தீர்மானம் எங்கே? இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் புது வருடத்திலிருந்து மாலையில் நூலகம் கிடையாது.

தலைவர் மருந்துக்கடையின் பின்னறையில் எல்லோரையும் கூட்டினார். டாக்டரைத் தவிர.

“படிக்கட்டுல எடுத்த முடிவெல்லாம் முடிவே இல்லைங்கறான் அந்தச் சபை குமாஸ்தா” என்றார் பரிதாபமாக.

“அவன் சொல்றதும் சரிதான்” என்றார் கணக்கு டீச்சர். “நம்ம கூட்டம் ஊருக்குத் திறந்த கூட்டம். ஊர் நாற்காலியில உக்காந்திருக்கும், நாம படிக்கட்டுல முடிவெடுப்போம். நல்லாவா இருக்கு?”

“ஊர் எங்க டீச்சர் வந்தது? தூசிதான் வந்தது” என்றார் தையல்காரர்.

“இப்ப என்ன? பட்ஜெட்டுக்கு முன்னாடி ஒரு கூட்டம் இருக்கே. அதுல ஒழுங்கா மேஜையில உக்காந்து கையைத் தூக்கிட்டா முடிஞ்சுது. நாம நாலு பேர் இருக்கோம்” என்றார் தலைவர்.

“மூணு பேர்” என்றாள் கிளட்ச் அக்கா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“மாலை வேலையில இருக்கறது எங்க அண்ணி. சொந்தக்காரங்களுக்கு ஆதாயம் வர்ற விஷயத்துல உறுப்பினர் அதைச் சொல்லிட்டு வெளிய போயிடணும், எண்ணிக்கையிலயும் சேர்த்தி இல்லன்னு பதவி ஏத்துக்கறப்ப நீங்கதானே படிச்சுக் காமிச்சீங்க?”

தலைவர் குரலைத் தாழ்த்தினார். “அதையெல்லாம் யாரும்மா கேக்கப் போறாங்க? பேசாம உக்காந்து கையைத் தூக்கிடு.”

“ஐயா, எங்க வீட்டுல ரெண்டு பேரும் சண்டை போட்டா தெருவே ஜன்னலைத் திறக்கும். அவங்க எனக்கு யாருன்னு தெரியாத ஆள் இந்த ஊர்ல உண்டா? அந்த குமாஸ்தா மறுபடி ஒரு கேள்வி அனுப்பினா தீர்மானமும் போச்சு, அண்ணி வேலையும் போச்சு. அதுக்கப்புறம் வீட்டுக்கு நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?”

தலைவர் அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். “வேண்டாம்மா” என்றார் உடனே.

காலி நாற்காலிக்குப் புது ஆளைப் போட சபைக்கு இரண்டு மாதம் பிடிக்கும். கூட்டத்தை டாக்டருக்குத் தோதான நேரத்துக்குத் தள்ளலாம் என்றால், ஊருக்கு ஒரு வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டது. மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். டாக்டர் ஆறு மணிக்கு மேஜையில் இருக்க வேண்டும். ஆறரை வரை ஆள் சேரவில்லை என்றால் கூட்டம் கலைந்துபோகும்.

கிளட்ச் அக்கா கிளினிக்குக்கே போனாள். டாக்டர் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே.

“கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் உள்ள வரும்போது, எனக்குக் கூட்டம் இருக்கு போயிட்டு வாங்கன்னு சொல்லச் சொல்றீங்களா?” என்று கேட்டார்.

அவள் வெளியே வந்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கூட்டத்து நாளின் கடைசி இரண்டு நேரமும் யாருக்கு என்று விசாரித்தாள். இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒன்றைத் தன் பெயரிலும் இன்னொன்றைக் கணவர் பெயரிலும் பதிந்துகொண்டு சீட்டியடித்தபடி படியிறங்கினாள். நோயாளி வராவிட்டால் டாக்டருக்கு வேலை ஏது?

கூட்டத்தன்று மாலை, முந்தின நோயாளி வெளியே வந்ததும் அவள் கார் சாவியை ஆட்டிக்கொண்டே உள்ளே போனாள். “டாக்டர், அடுத்தது நான்தான். அதுக்கடுத்தது எங்க வீட்டுக்காரர், அவர் வரமாட்டார். வாங்க, கிளம்பலாம்.”

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். “உக்காருங்க.”

“இல்ல டாக்டர், பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான்…”

“நான் யாருக்கும் சும்மா நேரம் பதியறதில்லம்மா. வந்தவங்க வாயைப் பார்க்காம அனுப்பற வழக்கமும் இல்ல. ரெண்டு நிமிஷம். வாயைத் திறங்க.”

திறந்தாள். டாக்டர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. புதையல் கிடைத்தவருக்குத்தான் அப்படி மலரும்.

“இதை வச்சுக்கிட்டா நல்லாத்தான் இருக்குன்னீங்க? கடைவாய்ப்பல்லு அடியோட போயிருக்கு. இன்னிக்கே எடுக்கணும்.”

“நாளைக்கு வரேன் டாக்டர்!”

“நீங்க வரமாட்டீங்க. உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொன்னீங்களே, அதே ரத்தம்.”

“கட்டிக்கிட்டா ரத்தம் ஒண்ணாயிடுமா?”

“ஆகும். பேசாதீங்க, ஊசி.”

கிளட்ச் அக்கா யோசித்தாள். வாக்குவாதம் செய்தால் மணி ஆறரை ஆகிவிடும். விட்டுக்கொடுத்தால் ஒரு பல்லோடு போகும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் நாத்தனாருக்காக இந்த உலகத்தில் வேறு எவளாவது பல்லைக் கொடுத்திருப்பாளா என்று நினைத்துக்கொண்டாள்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு அவள் எழுந்தபோது ஆறு தாண்டியிருந்தது. முகத்தில் பாதி அவளுடையதாக இல்லை. டாக்டர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, “இப்ப வாங்க, எங்க வேணாலும் வரேன்” என்றார்.

அடுத்த வம்பு காரில் காத்திருந்தது. டாக்டர் உட்கார்ந்தது அவளுடைய வழக்கமான இருக்கையில், இரண்டாவது பிரேக்குக்கு நேராக. அவர் சைக்கிளில் போகிறவர். முன்னால் ஒரு லாரி திரும்பினால் மிதித்தார். யாராவது சாலையைக் கடக்கலாமா என்று யோசிப்பதுபோல் நின்றால் மிதித்தார். பச்சை விளக்கு மஞ்சளாகும் முன்பே மிதித்தார். கார் குதித்துக் குதித்துப் போயிற்று.

காலை எடுங்க என்பதை “காலை எழு… எழு…” என்று கிளட்ச் அக்கா கத்தப் பார்த்தாள். மரத்த வாயிலிருந்து எச்சில்தான் வந்தது.

“பேசாதீங்க, பஞ்சு விழுந்துடும்” என்றார் டாக்டர், மறுபடி மிதித்தபடியே.

மாடி அறைக்குள் அவர்கள் நுழைந்தபோது தலைவர் கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட ஆச்சரியம், பொதுமக்கள் நாற்காலிகள் அத்தனையிலும் ஆட்கள். செய்தி எப்படியோ பரவியிருந்தது. பேக்கரிக்காரர், நர்ஸ், சீருடையைக்கூட மாற்றாத ஒரு பஸ் டிரைவர். வேலை முடிந்து மாலையில் படிக்க வருகிறவர்கள். டாக்டர் தன் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். “இந்த மேஜை இவ்வளவு பெரிசா?” என்று தையல்காரரிடம் கேட்டார்.

தலைவர் கூட்டத்தைத் தொடங்கினார். கிளட்ச் அக்கா எழுந்து நின்றாள். “மாலை உதவியாளர் என் கணவரோட அக்கா. நான் வெளிய போறேன்” என்பதுதான் சொல்ல வேண்டியது. வாயில் எஞ்சியிருந்த பாதியை வைத்துக்கொண்டு அதைச் சொல்லி முடித்தாள்.

“உறுப்பினருக்கு என்ன ஆச்சு? சளியா?” என்றார் தலைவர்.

“என் வேலைதான். குறிப்புல அவங்க சொன்னதை மட்டும் எழுதுங்க” என்றார் டாக்டர்.

நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. கணக்கு டீச்சர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். கிளட்ச் அக்கா கன்னத்தைப் பிடித்தபடி கீழே இறங்கினாள்.

கீழே வாசிப்பு அறையில் நாத்தனார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, திரும்பி வந்த புத்தகங்களுக்கு முத்திரை போட்டுக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட ஓங்கி ஓங்கி விழுந்தது முத்திரை.

“என்ன கன்னம் வீங்கியிருக்கு?”

கிளட்ச் அக்கா ஒரு பல்லைப் பிடுங்குவதாக விரலால் அபிநயம் காட்டினாள். பிறகு மாடியைக் காட்டினாள். பிறகு நாத்தனாரைக் காட்டினாள்.

“எனக்காகவா?” நாத்தனார் முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு, “பல்லை ஒழுங்கா தேய்ச்சிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?” என்றார். தன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்கார வைத்துவிட்டு, நின்றுகொண்டே மிச்சப் புத்தகங்களுக்கு முத்திரை போட்டார்.

மாடியில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு கைதட்டல். முதலில் இறங்கி வந்தது பேக்கரிக்காரர். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பின்னாலேயே தலைவர்.

“மேஜையிலேயே, நாலு பேர் கையெண்ணி! மூணுக்கு ஒண்ணு. தையல்காரர் மட்டும் மின்சாரச் செலவுன்னு எதிர்த்தார், அது அவர் உரிமை. ஒரே ஒரு மாற்றம். இந்த பஸ் டிரைவர் எழுந்து, வேலை விட்டு வர்றவங்களுக்கு ஆறு மணி தோதுப்படாதுன்னு சொன்னார். டீச்சர் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. இனிமே ஏழுலேருந்து ஒன்பது.”

“வேலை?” என்றார் நாத்தனார்.

“உங்களுக்குத்தாம்மா. ஆளை வைக்கறது நூலகர் பொறுப்பு, அதுல குழு தலையிடாது. அவர் வேற ஆளைத் தேடற மாதிரி எனக்குத் தெரியல.”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்கு நடந்தார். நேரப்பலகை உயரத்தில் இருந்தது. கிளட்ச் அக்காவைக் கூப்பிட்டு ஸ்டூலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

“புது வருஷத்துலேருந்துதாம்மா அமல்” என்று தலைவர் பின்னாலிருந்து பதறினார்.

“தெரியுது. அதனாலதான் பென்சில்” என்றார் நாத்தனார். பழைய நேரத்துக்குக் கீழே புது நேரத்தைச் சின்னதாக எழுதினார். “ஏம்மா, ஸ்டூலை இப்படியா பிடிப்பாங்க? ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கறவ, ஒரு ஸ்டூலை ஆடாம பிடிக்கத் தெரியல. நல்லா அழுத்திப் பிடி. ஒன்பது மணிக்கு மூடிட்டு நான் தனியா நடந்து வருவேன்னு பார்க்காத. நீதான் வந்து கூட்டிட்டுப் போகணும். தினமும். சரியா?”

பதில் சொல்ல கிளட்ச் அக்காவுக்கு ஆயிரம் இருந்தது. வாய்தான் ஒத்துழைக்கவில்லை. ஸ்டூலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நாத்தனார் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.